எதைக் கண்காணிப்பது?

இலண்டனில் எமது தொடர்மாடியில் 'அயற் கண்காணிப்பு'க்கு ஆள் சேர்த்தபோது நான் ஒதுங்கிக்கொண்டேன். தலையாட்டிகளைக் கண்டு வந்தவர்கள் நாம்; இங்கும் முதலிற் சந்தேகிக்கப்படுபவர்கள் கறுப்பு, ஆசியப் பிள்ளைகளே.

ஆனால் நகரசபைக் குடியிருப்பில் ஆபத்து திருடனால் மட்டும் வருவதில்லை. எரியாத படிக்கட்டு விளக்காலும் மூடாத தீத்தடுப்புக் கதவாலும் வருகிறது. 2017இல் 72 பேரைப் பலிகொண்ட கிறென்ஃபெல் கோபுரத்தில் குடியிருப்பாளர்கள் முன்னரே எச்சரித்திருந்தனர், எவரும் செவிமடுக்கவில்லை. வீட்டு நிர்வாகத்தில் முக்கிய மாற்றங்களுக்கு முன் வாடகையாளரைக் கலந்தாலோசிக்குமாறு 1985ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் 105ஆம் பிரிவு நகரசபையைப் பணிக்கிறது. தனிக்குரலைத் தட்டிக்கழிப்பது சுலபம்.

ஆகவே முதலில் சங்கம்: எல்லா வீடுகளுக்கும் அழைப்பு, எழுதிய யாப்பு, ஆண்டுத் தேர்தல், பகிரங்கக் கணக்கு, மொழிபெயர்ப்பாளர். பிறகே பாதுகாப்புத் திட்டம். அது ஆட்களையல்ல, பழுதுகளைக் கண்காணிக்கட்டும். அத்தகைய சங்கத்தில் நாமும் சேரவேண்டும் என்பேன்.