துவிச்சக்கரவண்டியில் நிலைகொள்ளல்

துவிச்சக்கரவண்டி விரைந்தோடுங்கால் நிமிர்ந்து செல்வதும், வேகங் குன்றுங்கால் தள்ளாடுவதும் யாவரும் அறிந்தவை. ஆதலின், ஓட்டுவோனின் திறனுக்கு உரைகல் விரைவன்று, மெதுவே ஆகும்.

1970களில் ஸ்பெயினின் கற்றலோனியாவில் வளர்ந்த ‘ட்றயல்ஸ்’ என்னும் சைக்கிள் விளையாட்டு இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. பாறை, மரக்குற்றி முதலிய தடைகளை நிலத்திற் காலூன்றாது கடத்தலே அதன் நோக்கம்.

தொடக்கத்திற் பயில வேண்டியது ஓரிடத்தில் நிற்றல். மிதிகளைக் கிடையாக நிறுத்தி, இருக்கையினின்றும் எழுந்து, முன்சக்கரத்தை ஒருபுறந் திருப்புதல் வேண்டும். அந்நிலையில் வண்டி சிறிது முன்பின் நகர, முன்சக்கரம் பக்கவாட்டிலும் பெயர்ந்து, சாயும் உடலைக் கீழ்நின்று தாங்கும். குடாநாட்டின் சமநிலத்தில் மதகடியிலுள்ள சிறு ஏற்றம் இப்பயிற்சிக்கு ஏற்றது. மிதிப்பு வண்டியை முன்னே தள்ளும். சரிவு பின்னே இழுக்கும்.

அடுத்த படி தடையேறல். கிடக்கும் பனங்குற்றி ஒன்று போதும். அதனை அணுகியதும் உடலைப் பின்சாய்த்து ஒருமுறை வலிந்து மிதிக்க, முன்சக்கரம் எழும். அது குற்றிமேற் படிந்தபின் உடலை முன்செலுத்த, பின்சக்கரம் பாரங் குறைந்து தொடர்ந்தேறும். நிற்கக் கல்லாதவன் இங்கு இடறுவான். தக்க கணத்திற்காகக் காத்திருக்க அவனால் இயலாது.

யாழ்ப்பாணத்தார்க்கு இத்திறன் முற்றும் புதிதன்று. 1990 முதல் எரிபொருள் தடைப்பட்ட ஆண்டுகளில் விறகையும் மூடைகளையும் நோயாளரையும் துவிச்சக்கரவண்டியிலேயே ஏற்றிச் சென்றனர். பழுதுற்ற வீதியிற் பெருஞ்சுமையோடு சென்றோர்க்கு வேகம் துணையாகவில்லை, நிதானமே துணையாயிற்று. ஓடக் கற்றோர் பலர். நிற்கவும் கற்றவரே மேற்படி ஏறுவர்.