ஒற்றை வாத்து வாங்காதீர்கள்

 காவிரி டெல்டாவில், கதிர் அறுத்த வயல்களில் வாத்துக்கூட்டம் மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான வாத்துகள், கையில் நீண்ட கோலுடன் இரண்டொருவர். சிந்திய நெல்லும் நத்தையும் பூச்சியும்தான் தீவனம். இத்தனை வாத்துகளும் எப்படிச் சிதறாமல் நடக்கின்றன? மேய்ப்பவரின் திறமை பெரிதுதான். ஆனால் கோல் செய்யும் வேலையில் பாதியை வாத்தின் சுபாவமே செய்துவிடுகிறது.

அந்தச் சுபாவம் முட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. பொரிவதற்கு முன்பே வாத்துக்குஞ்சு ஓட்டுக்குள்ளிருந்து குரல் கொடுக்கும். வெளியே வந்த முதல் நாளில், கண்ணெதிரே நகர்வதைத் தாயென்று பற்றிக்கொள்ளும். ஆஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1935இல் இதை விரிவாக எழுதினார். நம் கிராமத்துப் பெண்களுக்கு இது பழகிய காட்சி. நாட்டு வாத்து பெரும்பாலும் ஒழுங்காக அடைகாக்காது என்பதால் முட்டைகளை அடைக்கோழிக்கு வைப்பார்கள். 21 நாளில் எழவேண்டிய கோழி 28 நாள் உட்கார்ந்திருக்கும். பொரித்த குஞ்சுகள் அதன் பின்னாலேயே ஓடும். குட்டையைக் கண்டதும் இறங்கி நீந்தும்; கோழி கரையில் நின்று பதறும்.

என்னை மிகவும் வியக்கவைப்பது வாத்துகளின் தூக்கம். அமெரிக்காவின் இண்டியானாவில் ஆய்வாளர்கள் வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுக் கவனித்து, 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் இரு கண்களையும் மூடின. ஓரத்தில் இருந்தவை அடிக்கடி ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தன, அதுவும் கூட்டத்துக்கு வெளிப்புறம் பார்க்கும் கண்ணை. அப்போது மூளையின் ஒரு பாதி தூங்கியது, மறுபாதி விழித்திருந்தது. நடுவில் கிடக்கும் வாத்தின் நிம்மதியான தூக்கத்துக்குக் காரணம் ஓரத்து வாத்து தரும் காவல்.

தனி வாத்துக்கு அந்தக் காவல் கிடையாது. ஏற்காட்டுத் தோட்ட வீடுகளில் அழகுக்காக வாத்து வளர்க்க நினைப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். ஆண்கள் மிகுந்தால் பெட்டைகளின் பிடரி இறகு பிய்ந்து புண்ணாகிவிடும். வளர்ந்த வாத்தில் உரக்கக் கத்துவது பெட்டை. ஆணின் குரல் கம்மியிருக்கும், வாலில் ஓரிரு இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். சந்தையிலேயே பார்த்து எடுக்கலாம்.