முதுமையில் தசை காத்தல்

முதுமை என்றவுடன் நரையையும் திரையையும் பேசுகின்ற நாம், உள்ளே தேய்ந்து வரும் தசையை எண்ணிப் பார்ப்பதில்லை. நாற்காலியினின்று எழக் கையூன்ற வேண்டியிருப்பதும், படியேறுகையில் கால் தளர்வதும் அதன் முதல் அறிகுறிகள். அடுத்து வருவது வீழ்ச்சி; அதனையடுத்து இடுப்பெலும்பு முறிவு. இத்தேய்வுக்கு அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் 1989-இல் 'சார்கோபீனியா' எனப் பெயரிட்டார். ஊன், குறைவு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்கள் புணர்ந்த பெயர் அது. 'ஊன்தேய்வு' என நாம் வழங்கலாம். மொழித்துறையார்க்கு இவ்வளவு உரிமை உண்டன்றோ!

இதனைத் தடுக்க வல்லது பளுப்பயிற்சி. தொண்ணூறு வயதையொட்டிய பத்து முதியோர்க்குப் பாஸ்டனில் எட்டு வாரம் இப்பயிற்சி அளித்தனர். முடித்தவர்களின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்ததென 1990-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆயினும் மூட்டுவாதமுடையோர் பெரும்பளுவை எங்ஙனம் தாங்குவர்?

இவ்வினாவுக்கு ஜப்பானியர் கண்ட விடைகளுள் ஒன்று 'காட்சு'. 'அழுத்தம் கூட்டல்' என்பது அதன் பொருள். யோஷியாக்கி சாட்டோ என்பார் 1966-இல் ஒரு பௌத்தச் சடங்கில் நெடுநேரம் மண்டியிட்டிருந்தபோது, கால் மரத்துக் கெண்டைச்சதை, பயிற்சி செய்தாற்போல் விம்மக் கண்டார். குருதித் தடையே காரணமோ என ஐயுற்றுத் தம் உடலிலேயே பல்லாண்டு சோதித்தார்.

தொடையின் அல்லது புயத்தின் மேற்பகுதியில் காற்றுப்பட்டை கட்டப்படும். தமனிவழிக் குருதி ஓரளவு உட்புகும். சிரைவழி வெளியேறுவது தடைபடும். உயிர்வளி குறைந்த தசை விரைந்து களைக்கும். களைத்ததும், பெரும்பளுவுக்கே பெரிதும் பணிக்கு வரும் வலிய இழைகளும் துணைக்கு வரும். முதுமையில் மிகுதியாக மெலிவன அவ்விழைகளே. ஆகவே, ஒருவர் தூக்கவல்ல உச்சப் பளுவில் 20 முதல் 30 விழுக்காடே போதும். வழக்கமான பயிற்சிக்கு 70 வேண்டும். முதலில் 30 முறை, பின்னர் 15 முறையாக மூன்று சுற்று என்பது வழக்கு. தசைப் பருமனில் இரண்டும் ஏறத்தாழ ஒக்கும். வலிமையில் பெரும்பளுவே சற்று மேம்பட்டது.

அதிர்மேடையின் பயன் பற்றி முடிவுகள் ஒன்றுபடவில்லை. மின்தூண்டல் படுக்கையிலிருப்போர்க்கு ஓரளவு உதவும்.

ஆனால், கயிற்றையோ துணியையோ இறுகக் கட்டித் தாமே முயல்வது பெருந்தீங்கு. குருதியுறைவு கண்டவரும், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமுடையோரும் பட்டையை நாடலாகாது. ஏனையோரும் மருத்துவரைக் கேட்டு, பயின்றவர் முன்னிலையிலேயே செய்தல் வேண்டும். பட்டை கிட்டாதார்க்கு நாற்காலியே கருவி. கைகளை மார்பின்மேல் கட்டிக்கொண்டு எழுந்து அமர்தலைப் பத்துமுறை செய்யலாம். தொடக்கத்தில் அருகில் ஒருவர் நிற்றல் நலம்.