வீடியோவுக்கு இசை சேர்க்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!



இன்று அனேகமான லயத்துக் காம்பராக்களில் ஒரு போனாவது இருக்கிறது. திருவிழா, சடங்கு வீடு, காமன் கூத்து, பிள்ளைக் காம்பராவில் நடக்கும் கலை விழா என்று எதையும் நமது வாலிபப் பிள்ளைகள் வீடியோ எடுத்து யூடியூபிலும் பேஸ்புக்கிலும் போட்டுவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். கொழும்பில் கடையில் நிற்கும் மகனும், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன தாயும் அதைப் பார்த்துத்தானே ஊர் முகங்களைக் காண்கிறார்கள்!

ஆனால் அந்த வீடியோவுக்கு அடியில் போடும் இசை விசயத்தில் பலர் ஏமாந்து போகிறார்கள். நாங்களும் ஏமாந்தோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

எங்களுக்கு நடந்தது

சில வருடங்களுக்கு முன் மேல் கணக்கில் ஒரு பாட்டி தன் பேத்தியை மடியில் போட்டுத் தாலாட்டுப் பாடினார். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அந்தத் தாலாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. அவருடைய அம்மா அவருக்குப் பாடியது. அதை நாங்கள் போனில் பிடித்தோம். வெறும் குரல் எடுபடாது என்று நினைத்து, ஒரு சினிமாப் பாட்டின் இசையை அடியில் சேர்த்து இணையத்தில் ஏற்றினோம்.

இரண்டு நாளில் அறிவித்தல் வந்தது. இசைக்குச் சொந்தக்காரர் வேறு ஆள் என்று சொல்லி, வீடியோவின் சத்தம் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். சினிமா இசையோடு பாட்டியின் குரலும் போய்விட்டது. போனில் இடம் போதவில்லை என்று முதலில் எடுத்த வீடியோவை நாங்கள் அதற்குள் அழித்திருந்தோம்.

அடுத்த மழைக் காலத்தில் பாட்டி காலமானார். கருமாதி முடிந்து மகள் வந்தார். “ஐயா, அம்மா பாடுனத ஒருக்கா போட்டுக் காட்டுங்க” என்றார். வாய் அசைவதை மட்டுந்தான் எங்களால் காட்ட முடிந்தது. இதில் குற்றம் எங்களுடையதே. வேறு யாருக்கும் இப்படி நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

இசைக்கும் சொந்தக்காரர் உண்டு

கொழுந்து மடுவத்தில் நீங்கள் எடுத்த கொழுந்தை இன்னொருத்தர் பேரில் நிறுத்து எழுதினால் சும்மா இருப்பீர்களா? முழு நாள் வேலை செய்த உங்களுக்கு அரைப்பேர் போட்டால் விடுவீர்களா? இசையும் ஓர் உழைப்புத்தான். மெட்டுப் போட்டவர், வாசித்தவர், பாடியவர், பதிவு செய்த கம்பனி என்று அதற்குப் பலர் உழைத்திருக்கிறார்கள்.

நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்த உரிமையைக் காக்கிறது. பாட்டை ஆக்கியவர் உயிரோடு இருக்கும் காலமும், அவர் இறந்த பின் 70 வருடங்களும் அது அவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது.

ஓர் உதாரணம். பாரதியார் 1921இல் காலமானார். அவருடைய பாட்டு வரிகள் இன்று எல்லாருக்கும் பொதுச் சொத்து. ஆனால் 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் அவருடைய பாட்டுகளுக்கு ஜி. ராமநாதன் இசையமைத்தார். அந்த மெட்டும் ஒலிப்பதிவும் வேறு கணக்கு. வரி பொது என்பதற்காகப் படத்தின் பாட்டை வெட்டி எடுத்துப் போட முடியாது. உங்கள் பிள்ளையே பாரதியார் வரியைத் தன் சொந்த மெட்டில் பாடினால் யாரும் கேட்க முடியாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

“இந்த மலையில இருந்து போடுறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். ஆள் வைத்துப் பார்ப்பதில்லை, இயந்திரமே பார்க்கிறது. யூடியூப் 2007இலேயே ‘கொன்டென்ட் ஐடி’ என்ற முறையைக் கொண்டுவந்தது. கம்பனிகள் தங்கள் பாட்டுகளை அதில் கொடுத்து வைத்திருக்கின்றன. நீங்கள் ஏற்றும் வீடியோவை அந்தப் பாட்டுகளோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் வீடியோவைத் தடுக்கலாம், விளம்பரக் காசைப் பாட்டுக்காரர் எடுத்துக்கொள்ளலாம், அல்லது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டு விட்டுவிடலாம். இதற்கு ‘க்ளெய்ம்’ என்று பேர்.

‘ஸ்ட்ரைக்’ என்பது இதைவிடப் பெரியது. சொந்தக்காரர் சட்டப்படி முறைப்பாடு செய்து வீடியோவை நீக்க வைப்பது அது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடக்கூடும். பல வருடம் பாடுபட்டுச் சேர்த்த வீடியோக்கள் எல்லாம் அதோடு போகும்.

தவறான நம்பிக்கைகள் மூன்று

ஒன்று: “சில செக்கன் போட்டாப் பரவாயில்ல.” அப்படிச் சலுகை எதுவும் இல்லை. சின்னத் துண்டும் பிடிபடும்.

இரண்டு: “பாட்டு எங்களுடையது அல்ல, உரியவர்களுக்கு நன்றி என்று எழுதினால் போதும்.” போதாது. நன்றி வேறு, அனுமதி வேறு.

மூன்று: “டிக்டொக்கிலேயே அந்தப் பாட்டு இருக்குதே.” டிக்டொக் தன் தளத்துக்குள் பாவிக்க அனுமதி வாங்கியிருக்கும். அதே வீடியோவை இறக்கி யூடியூபில் ஏற்றினால் அந்த அனுமதி கூடவே வராது.

அப்படியானால் எங்கே எடுப்பது?

யூடியூப் ஸ்டூடியோ இணையப் பக்கத்தில் ‘ஓடியோ லைப்ரரி’ என்ற பகுதி இருக்கிறது. 2013 முதல் நடக்கிறது. அங்குள்ள இசையை உங்கள் யூடியூப் வீடியோக்களுக்குக் காசில்லாமல் எடுக்கலாம். சில இசைக்குப் பேர் போடத் தேவையில்லை. சிலவற்றில் ‘சி.சி.’ என்ற அடையாளம் இருக்கும்; அதற்குக் கட்டாயம் இசைக்காரரின் பேர் போட வேண்டும். என்ன எழுத வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். அதைக் கொப்பி பண்ணி வீடியோவின் கீழே விவரம் எழுதும் இடத்தில் போட்டால் சரி. பேஸ்புக், இன்ஸ்டகிராமுக்கு மெட்டா கம்பனியின் ‘சவுண்ட் கலெக்சன்’ இருக்கிறது.

‘சி.சி.’ என்றால் கிரியேட்டிவ் கொமன்ஸ். இசைக்காரர் தானே மனமுவந்து கொடுக்கும் அனுமதி இது. ஆனால் நிபந்தனையைப் பாருங்கள். ‘பி.வை.’ என்றால் பேர் போட வேண்டும். ‘என்.சி.’ என்றால் வியாபாரத்துக்குப் பாவிக்கக்கூடாது. ‘என்.டி.’ என்றால் மாற்றம் செய்யக்கூடாது. வீடியோவோடு சேர்ப்பதும் மாற்றமே, ஆகவே அதை எடுக்க வேண்டாம். கெவின் மெக்லியோட் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் ‘இன்கொம்பெடெக்’ பக்கத்தில் நிறைய இசை உண்டு. பேரைப் போட்டால் காசு இல்லை. அந்த மனிதர் கேட்பது பேர் மட்டுந்தான். பேருக்காகப் பெரட்டுக் களத்தில் நிற்கும் நமக்கு அதன் அருமை தெரியாதா?

இன்னொன்று. ‘ரோயல்டி ஃப்ரீ’ என்று எழுதியிருந்தால் எல்லாம் இலவசம் என்று நினைக்க வேண்டாம். ஒரு முறை காசு கட்டினால் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை என்பதே பல இடங்களில் அதன் அர்த்தம். யாரோ ஒருவர் ‘நோ கொப்பிரைட்’ என்று தலைப்புப் போட்டு ஏற்றியதையும் நம்பாதீர்கள். அவர் உண்மையான சொந்தக்காரரா என்று பாருங்கள்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

1. இசை சேர்க்காத மூல வீடியோவை மெமரி கார்டிலோ கணினியிலோ பத்திரமாக வையுங்கள். ஒருபோதும் அழிக்க வேண்டாம்.

2. எந்த இசை, யாருடையது, எங்கே எடுத்தது, எந்தத் திகதி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அனுமதி இருந்த பக்கத்தையும் போனில் படம் பிடித்து வையுங்கள்.

3. இசையின் சத்தத்தைக் குறையுங்கள். பேசுபவரின் சொல் ஒன்றாவது விளங்காவிட்டால் இசை கூடிவிட்டது என்று அர்த்தம்.

4. கோயில் திருவிழாவில் எடுக்கும்போது ஒலிபெருக்கியில் போகும் சினிமாப் பாட்டும் வீடியோவில் பதியும். அதற்கும் க்ளெய்ம் வரும். பாட்டு நிற்கும் நேரம் பார்த்து எடுங்கள்.

5. யூடியூபில் க்ளெய்ம் வந்தால் பதற வேண்டாம். அந்தத் துண்டை வெட்டலாம், அல்லது வேறு இசை மாற்றலாம். உங்கள் சொந்த இசைக்கே தவறாக வந்திருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மறுபக்கத்தார் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

நமது வீட்டிலேயே இருக்கிறது இசை

இவ்வளவு தூரம் தேடுகிறோமே, நமது தப்பு எங்கே போனது? காமன் கூத்துப் பாட்டு, பொன்னர் சங்கர் பாட்டு, மலையில் கொழுந்து எடுக்கும்போது பாடிய பாட்டு எல்லாம் எங்கே? சி. வி. வேலுப்பிள்ளை (1914 – 1984) நமது மக்களின் பாட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்தார். அவர் எழுத்தில் பிடித்தார், நாம் போனில் பிடிக்கலாம்.

பரம்பரையாக வரும் தப்பு அடிக்கு எந்தச் சினிமாக் கம்பனியும் உரிமை கேட்க முடியாது. ஆனால் அன்று அடித்த அண்ணன்மாரிடம் நாமும் சும்மா எடுக்கக்கூடாது. கேட்டு எடுங்கள். அவர்கள் பேரை வீடியோவில் போடுங்கள். வருமானம் வந்தால் பங்கு கொடுங்கள். பேசியதை ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் பின்னால் மனஸ்தாபம் வராது.

கடைசியாக ஒன்று. வயதானவர்கள் பாடும்போதும் கதை சொல்லும்போதும் அடியில் எந்த இசையும் வேண்டாம். அந்தக் குரலே போதும். இதை நாங்கள் பிந்தித்தான் படித்தோம். உங்கள் லயத்தில் பாடத் தெரிந்த பாட்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து பதிந்து வையுங்கள்.