கம்ப்யூட்டர் அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன்: எந்த அளவு வாங்கலாம்?

கோடை வந்தாலே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "மதியம் ஆனால் சிஸ்டம் மெதுவாகிறது, சில நேரம் தானாகவே ஆஃப் ஆகிறது. வைரஸா சார்?" வைரஸாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் அறையின் சூட்டைக் கவனியுங்கள் என்பேன். ப்ராசசர் அளவுக்கு மேல் சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் சிஸ்டம் நின்றுவிடும்.

கேபினட் ஃபேன் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. எங்கே? உங்கள் அறைக்குள்தான். கதவு, ஜன்னல்களை மூடி வைத்தால் அதே சூடான காற்றைத்தான் கேபினட் திரும்ப இழுக்கும். சீலிங் ஃபேன் அந்தக் காற்றைச் சுழற்றுமே தவிர வெளியேற்றாது. அந்த வேலைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும்.

அளவைக் கணக்கிடுவது எப்படி?

அறையில் வெப்பம் தரும் பொருட்களின் வாட்ஸைக் கூட்டுங்கள். கம்ப்யூட்டரும் மானிட்டரும் 200 வாட்ஸ், உட்கார்ந்திருக்கும் ஒருவர் சுமார் 100 வாட்ஸ். ஆக மொத்தம் 300. (எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட்ஸ் என்றிருப்பது அதன் அதிகபட்சத் திறன். எப்போதும் அவ்வளவு செலவாவதில்லை.) இதை 3ஆல் பெருக்குங்கள். பிறகு, வெளிக்காற்றை விட அறை எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கலாம் என்று நினைக்கிறீர்களோ, அந்த எண்ணால் வகுங்கள். 3 டிகிரி என்றால் 300 × 3 ÷ 3 = 300. அதாவது மணிக்கு 300 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். 12க்கு 10 அடி அறையில், 10 அடி உயரம் என்றால், காற்று மணிக்கு ஏறக்குறைய 9 முறை மாறும்.

ஃபேன் பெட்டியில் 'ஏர் டெலிவரி' என்று போட்டிருப்பார்கள். சிஎஃப்எம் கணக்கில் இருந்தால் 1.7ஆல் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். கொசுவலையும் ஷட்டரும் காற்றைத் தடுக்கும் என்பதால் 450 முதல் 500 வரை உள்ளதை வாங்கச் சொல்வேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை என்றால் கூரைச் சூடும் சேரும். அதற்கு இரண்டு மடங்கு பாருங்கள்.

பொருத்தும்போது கவனிக்க

* ஃபேன் சுவரின் உயரத்தில் இருக்கட்டும். சூடான காற்று மேலேதான் நிற்கும். எதிர்ப்புற ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் ஃபேன் சத்தம் மட்டும்தான் போடும்.

* வீட்டில் கேஸ் கீசர் இருந்தால் ஜன்னலை மூடிக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டவே கூடாது. கீசரின் புகை வீட்டுக்குள் திரும்பலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக் கூடியது.

* ஃபேனை யுபிஎஸ்ஸில் இணைக்காதீர்கள். பேக்கப் நேரம் குறையும். விலை குறைந்த யுபிஎஸ்களின் மின்சாரத்தில் மோட்டார் இரைச்சலிட்டுச் சூடாகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஏசி அல்ல. வெளியே 39 டிகிரி என்றால் அறையை அதற்குக் கீழே கொண்டு வர அதனால் முடியாது. வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் இரவிலும் அதிகாலையிலும் ஓட்டினால் முழுப் பலன் கிடைக்கும். கேம்ஸ், வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலைகளையும் அந்த நேரத்துக்குத் தள்ளி வையுங்கள்.