பாயிண்ட் புல்லட்டில் தொழில் பழகுங்கள்

வண்டி வேலையைத் தானே கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவருக்கு, பாயிண்ட் வைத்த பழைய 350 சிசி புல்லட்டைவிட நல்ல வாத்தியார் கிடையாது. 1955இல் இங்கிலாந்தின் ரெடிச்சிலிருந்து பாகங்கள் வர, சென்னையில் கோர்க்கப்பட்ட வண்டி அது; சில ஆண்டுகளில் பாகங்களும் இங்கேயே தயாராயின. இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பல கோளாறுகளைக் கண்டுபிடிக்கவே ஸ்கேனர் வேண்டும். பழைய புல்லட்டுக்கோ ஸ்பேனர் செட்டும் ஃபீலர் கேஜும் இருந்தால் பாதி வேலை முடியும்.

ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரிலிருந்து தொடங்கலாம். சாவி போட்டு, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் என்பது மின்சாரத்தை விட்டு வெட்டும் ஒரு சிறு ஸ்விட்ச்; அது மூடியிருக்கும்வரை பேட்டரி மின்சாரம் இக்னிஷன் காயிலில் ஓடும். முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறந்ததும் ஓட்டம் அறும், முள் நடுவுக்கு வரும். அப்படி அறும் கணத்தில்தான் காயிலில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறி தெறிக்கிறது. பிஸ்டனும் அப்போது அமுக்கத்தின் உச்சியை நெருங்கியிருக்கும். அந்த அமுக்கத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் லிவரைப் பிடித்து, கிக்கரைச் சற்று கீழே தள்ளி, லிவரை விட்டுவிட்டு மிதித்தால் வண்டி பிடித்துக்கொள்ளும். பயில்வான்கள் உதைத்து ஓய்ந்த புல்லட்டை ஒல்லியான பெரியவர் ஒரே மிதியில் கிளப்புவதன் சூட்சுமம் இதுதான்.

அடுத்தது பாயிண்டின் இடைவெளி. நன்றாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். கேம்மில் உரசும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், பொறி தாமதமாக விழும். வண்டி இழுக்காது, இன்ஜின் சூடேறும். அடைத்த கார்புரேட்டர் என்று நினைத்து அதைக் கழற்றிப்போடுகிறவர்களே அதிகம்! பாயிண்ட் முகம் அடிக்கடி கருகினால் கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள்.

பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எரிப்பு சரி. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. ஆயில் பிசுபிசுப்பு தெரிந்தால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக்கிடம் போகவேண்டிய வேலை.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின்வேலை என்றால் முதலில் பேட்டரி வயரை எடுத்துவிடுங்கள். கை பழகும்வரை பிரேக்கைத் தொடாதீர்கள். தொட்டால், தெரிந்தவர் ஒருவர் பார்க்காமல் சாலையில் ஓட்டாதீர்கள்.