கோடையிலும் பசுமை மாறாத மறைப்பு வேலி
கொட்டாம்பட்டி வட்டார நிலங்களுக்கு ஏற்ற மரங்கள்

மதுரை ஜில்லா, மேலூர் தாலுகாவைச் சேர்ந்த கொட்டாம்பட்டி வட்டாரம் பாறைக் குன்றுகளும் கண்மாய்களும் மானாவாரிப் புன்செய்களும் கலந்த பூமியாகும். இந்த ஜில்லாவின் வருஷ மழை சராசரியாகச் சுமார் 850 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. தை பிறந்தபின் நிலம் நாளுக்கு நாள் வறண்டுபோகும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து வீசும் காற்று உழுத மண்ணை வாரிச் செல்வதோடு இளம்பயிரையும் வாட்டுகிறது. திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டிய நிலங்களிலோ வாகனங்களின் தூசியும் இரைச்சலும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே, நிலத்தின் ஓரத்தில் வருஷம் முழுவதும் பசுமையாயிருக்கும் மரவேலி ஒன்று வேண்டுமென்று மிராசுதாரர்கள் விரும்புவது இயல்பே. ஆனால் எந்த மரத்தை வைப்பது என்பதில்தான் லாபமும் நஷ்டமும் அடங்கியிருக்கின்றன.

விரைந்து வளர்வனவெல்லாம் நல்லவை அல்ல

சீக்கிரம் மறைப்பு வேண்டுமென்ற அவசரத்தில் பலர் கோனோகார்பஸ் என்னும் அந்நிய மரத்தை நாடினர். அது இலை உதிராது. வெட்ட வெட்டத் தழைக்கும். ஆயினும் அதன் வேர்கள் குழாய்களையும் கட்டடங்களையும் சேதப்படுத்துவதாகவும், மகரந்தம் சுவாச உபத்திரவம் உண்டாக்குவதாகவும் புகார்கள் எழுந்தன. குஜராத் அரசாங்கம் 2023-ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு அரசாங்கம் 2025-ஆம் ஆண்டிலும் இதை நடுவதற்குத் தடை விதித்தன. சீமைக் கருவேலத்தின் சரித்திரமும் இத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்கும் வேலிக்குமென்று கொண்டுவரப்பட்ட அம்மரம், பிற்பாடு கண்மாய்களையும் தரிசுகளையும் அடைத்துக்கொண்டு, அழிப்பதற்குப் பெருஞ்செலவு வைப்பதாயிற்று. வேலியாக வந்த மரமே நிலத்தைக் கவர்ந்துகொள்ளுமாயின் அவ்வேலியால் யாது பயன்?

இலை உதிரும் காலத்தைக் கவனித்தல்

நம் நாட்டு மரங்கள் யாவும் மறைப்புக்கு உதவுமென்று கொள்வதும் தவறு. பழைய கிளுவை வேலி ஆடுமாடுகளைத் தடுக்குமேயன்றிக் கோடையில் இலையின்றி நிற்கும். தேக்கும் அவ்வாறே. 2021-22-ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண் நில மரம் வளர்ப்புத் திட்டத்தில் வரப்பு நடவுக்கென ஏக்கருக்கு 50 கன்றுகள் என்று கணக்கிடப்பட்டது. இத்தகைய திட்டங்களில் தேக்குக் கன்று பெறுவோர் அதைப் பிற்கால வருமானத்துக்கென வைத்துக்கொள்ளலாம். மறைப்புக்கு வேறு மரமே தேவை.

எவை இலை உதிர்க்காமல் நிற்கும் என்பதைக் கோவில் காடுகளில் நேரில் காணலாம். நத்தத்தை அடுத்த காசம்பட்டி வீர கோவில் காடு, பரப்பில் 4.97 ஹெக்டேரே ஆயினும், 2025-ஆம் ஆண்டில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பெற்றது. சோழமண்டலக் கரையை ஒட்டிய ஜில்லாக்களிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் உள்ள கோவில் காடுகளில் வீரை, பாலை, குருந்து, காசா முதலிய மரங்கள் எவரும் நீர் ஊற்றாமலே சித்திரை வெயிலிலும் பசுமையாய் நிற்கின்றன. இவற்றின் இலை தடித்தும் பளபளப்பாயும் இருப்பதால் நீர் எளிதில் ஆவியாகிப் போவதில்லை.

மூன்று அடுக்கு மரங்கள்

ஒரே ஜாதி மரத்தை வரிசையாய் வைத்தால், ஒரு பூச்சியோ நோயோ தாக்கும்போது வேலி முழுதும் பாழாகும். ஆகையால் உயரத்திற்கேற்ப மூன்று அடுக்காய்க் கலந்து நடுவதே உத்தமம்.

உயர்ந்த அடுக்குக்கு நாவல், வேம்பு, புங்கம் ஆகியவை ஏற்றவை. நாவலுக்கு ஆழ்ந்த மண்ணும் ஈரமும் வேண்டுமாதலால் வாய்க்கால் ஓரத்திலும் கிணற்று நீர் பாயும் இடத்திலும் வைக்க வேண்டும். வேம்பும் புங்கமும் மாசி, பங்குனியில் சில நாள் இலை குறைந்து உடனே துளிர்க்கும். எனவே அவற்றை நாவலோடு கலந்தே நடுதல் நலம்.

நடு அடுக்குக்கு மகிழ், வீரை, பாலை ஆகியவற்றைக் கொள்ளலாம். மகிழுக்கு முதல் சில வருஷங்கள் தவறாது நீர் வேண்டும். வீரையும் பாலையும் மிக மெதுவாய் வளர்வன. ஆனால் வேரூன்றியபின் வறட்சிக்கு அஞ்சா.

தாழ்ந்த அடுக்குக்குக் களா, குருந்து, நொச்சி, ஆடாதோடை ஆகியவை போதும். களாவும் குருந்தும் முள்ளுடையவை. நொச்சியையும் ஆடாதோடையையும் ஆடுகள் தீண்டுவதில்லை. ஆடாதோடையின் பெயரே அதைச் சொல்லும். இவ்விரண்டும் போத்துகளினாலேயே வளருமாதலால் செலவு மிகக் குறைவு. எலுமிச்சைத் தோட்டத்துக்கு அருகில் குருந்து வேண்டாம். எலுமிச்சை இலையைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழு குருந்திலும் வளரும்.

நடும் முறையும் நிலக்கணக்கும்

வேலி சுவர்போல் முழுதும் அடைபட்டிருக்கலாகாது. அடைபட்ட வேலியைக் காற்று தாண்டி மறுபுறம் சுழன்று விழும். பாதியளவு காற்று இலைகளினூடே தணிந்து செல்வதே பயிருக்கு அனுகூலம். அவ்வாறமைந்த வேலி தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரையிலாவது காற்றின் வேகத்தைத் தணிக்கும். 20 அடி உயர வேலியால் 200 அடி அகல நிலம் காக்கப்படும்.

உயர்ந்த மரங்களை நடு வரிசையில் 15 அடிக்கு ஒன்றாகவும், நடுத்தர மரங்களை உள்வரிசையில் 10 அடிக்கு ஒன்றாகவும், புதர்களை வெளிவரிசையில் 3 அடிக்கு ஒன்றாகவும் வைக்கலாம். மரங்களுக்கு 2 அடிச் சதுரமும் 2 அடி ஆழமுமான குழி எடுத்து, மேல்மண், கண்மாய் வண்டல், மக்கிய எரு ஆகியவற்றால் நிரப்பிப் புரட்டாசி, ஐப்பசி மழையில் நட வேண்டும். இரண்டு கோடைகள் நீர் விடுவது அவசியம். அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்குடத்தைக் கன்றருகே புதைத்தால் குறைந்த நீரே போதும்.

மூன்று வரிசைக்கு 20 அடி அகலம் பிடிக்கும். 200 அடி நீள எல்லைக்கு இது 4,000 சதுர அடி, அதாவது சுமார் 9 சென்டு ஆகிறது. ஐந்து ஏக்கர் உடையவர் இதைத் தாங்குவார். ஓர் ஏக்கரே உடையவர் மேற்கு எல்லையில் மட்டும் ஒரே வரிசையாய் வேம்பும் புங்கமும், இடையிடையே நொச்சியும் வைத்தால் போதும். பயிருக்கும் மரத்துக்கும் இடையில் 2 அடி ஆழக் கால்வாய் வெட்டிவைத்தால் வேர் பயிருக்குள் புகுவது குறையும்.

பறவைகளும் பிராணிகளும்

மேலூர் தாலுகா அரிட்டாபட்டிக் குன்றுகள் 2022-ஆம் ஆண்டில் மாகாணத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாயின. அங்கு வல்லூறு முதலிய வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. மரவேலியில் தங்கும் ஆந்தையும் கூகையும் இரவில் வயல் எலிகளைப் பிடிக்கும். கரிச்சானும் மைனாவும் புழுபூச்சிகளைத் தின்னும். புங்கம்பூவும் நாவற்பூவும் தேனீக்களை அழைக்கும்.

ஆயினும் மயிலால் வரும் சேதத்தை மறைப்பதற்கில்லை. மயில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தால் காக்கப்பட்ட பறவை. அதைக் கொல்வது குற்றம். அது புதரடியில் தரையில் முட்டையிடுவதால், நிலக்கடலையும் காய்கறியும் பயிராகும் பக்கத்தில் தாழ்ந்த அடுக்கை விட்டுவிட்டு, மரத்தடியைச் சுத்தமாய் வைத்துக்கொள்வதே விவேகம். காட்டுப்பன்றி ஒதுங்கும் சீமைக் கருவேலப் புதர்களையும் அகற்றுதல் வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

எல்லை மரத்தால் விளையும் வழக்குகள் அநேகம். எல்லைக் கற்களைச் சரிபார்த்து, பட்டா நிலத்தினுள் தள்ளியே நடும்படி குடிகளுக்குச் சொல்லவேண்டும். மின்கம்பிக்குக் கீழும், சாலை வளைவில் பார்வை மறையும் இடத்திலும் உயர்ந்த மரம் ஆகாது. வேரும் நிழலும் பரந்த ஆல், அத்தி, இச்சி மரங்களுக்குக் குடிகளின் வயலில் இடமில்லை. கிணற்றுக்கும் கண்மாய்க் கரைக்கும் விலகிய புறம்போக்கில் ஊராட்சியார் அவற்றை வைத்தால் பறவைகளுக்கு இரை கிடைக்கும்.

மேற்கூறிய வேலி தலைநிமிர்ந்து நிற்க ஐந்தாறு வருஷங்கள் செல்லும். நொச்சியும் ஆடாதோடையும் அதுவரை மறைப்பளிக்கும். அந்நிய மரம் தரும் இரண்டு வருஷப் பசுமையைக் காட்டிலும், பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும் நாவலும் பாலையுமே நிலத்துக்கு உற்ற காவல். வரும் புரட்டாசிக்குள் குழிகளை எடுத்து ஆறவிட்டு, மழைக்கு ஆயத்தமாயிருத்தல் நன்று.